ஐந்து சதவீத விரல்

என் இடது கை ஆள்காட்டி விரலின் நுனி கொஞ்சம் தட்டையாக இருக்கும். நகம் பாதிதான் முளைக்கும். கூட்டங்களில் மைக் பிடிக்கும்போது யாராவது கவனித்துவிட்டுக் கேட்பார்கள். "பனியன் கம்பெனி" என்பேன். திருப்பூர்க்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த விரலைப் பற்றி நான் எழுதியதில்லை. போன வருடம் எங்கள் இரவுப் பள்ளியில் ஒரு தங்கைக்கு நேர்ந்ததற்குப் பிறகு எழுதாமல் இருப்பது தவறு என்று தோன்றியது.

எங்கள் காலனியின் இரவுப் பள்ளியைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே படிக்கிற பெண்களும் அவர்களின் அம்மாக்களும் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். பனியன் கம்பெனிகளில் கட்டிங் முடிந்து கழிகிற துண்டுத் துணியைக் கிலோ கணக்கில் வாங்கி வருவோம். அதைச் சதுரமாகவும் பட்டையாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பழைய சேலையை வைத்துத் தைத்தால் ஒரு போர்வை. வெளிநாட்டில் இதற்குக் குயில்ட் என்று பெயர். மகாராஷ்டிரத்தில் கோதடி. நம் வீடுகளில் இதற்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்து மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டோம், அவ்வளவுதான். இன்று அதே பொருளை நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் எங்கள் பிள்ளைகளின் தட்டச்சு வகுப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ் காசு எல்லாம் நடக்கிறது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் ஊருக்கு வந்தபோது இரண்டு ரோட்டரி கட்டர்களும் ஒரு வெட்டுப் பாயும் கொண்டுவந்து கொடுத்தார். பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த வட்டத் தகடு முழுக்கச் சவர பிளேடு போன்ற கூர்மை. ஜப்பானில் ஓல்ஃபா என்கிற கம்பெனி 1979இல் கொண்டுவந்த கருவி இது. கத்தரியில் ஒரு மணி நேரம் ஆகிற வேலை இதில் பத்து நிமிடம். நாலைந்து அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். எல்லோருக்கும் சந்தோஷம். எப்படி வெட்டுவது என்று காட்டிக்கொடுத்தோம். எப்படி வெட்டுப்படாமல் இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

ஜனவரி மாதம் ஒரு ராத்திரி அந்தத் தங்கை தனியாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேலை அழுத்திப் பிடித்த இடது கை ஆள்காட்டி விரலின் நுனி, ஸ்கேலின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டர் அதன்மேல் ஏறிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அங்கே காப்பித்தூளை அப்பி, மேலே இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்தபோது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, உள்ளே சீழ்.

"ஏன் கண்ணு அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா கட்டரைத் தூக்கி உள்ள வச்சிருவீங்கன்னு பயந்துட்டேங்ணா. இந்த மாசம் டைப்பிங் பரீட்சைக்குப் பணம் கட்டணும்."

அந்தப் பதில் என்னை 1999க்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்கப் பணமில்லாமல், ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் ஹெல்பராகச் சேர்ந்தேன். காண்ட்ராக்டர் வழியாக வேலை. வாரம் 350 ரூபாய், சனிக்கிழமை கையில். நீளமான மேஜைமேல் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்குவோம். அதன் மேல் கட்டிங் மாஸ்டர் மிஷினை ஓட்டுவார். நின்ற வாக்கில் இருக்கும் கத்தி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மேலும் கீழும் அடிக்கும். கத்திக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி உண்டு. துணி அடுக்கின் உயரத்துக்கு அதை இறக்கி வைத்தால் விரல் உள்ளே போகாது. எங்கள் மிஷினில் அது எப்போதும் மேலேயே ஏற்றிக் கட்டப்பட்டிருக்கும், வேகம் குறைகிறதாம். இரும்பு வளையங்களால் பின்னிய கையுறையும் இருந்தது. அது மேனேஜர் அறையின் பீரோவுக்குள் இருந்தது. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற நாளில் மட்டும் வெளியே வரும். மாலையில் எண்ணி வாங்கி மறுபடியும் உள்ளே வைத்துவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஷிப்மென்ட் அவசரம். காலை எட்டரைக்குப் போனவன் ராத்திரி பதினொரு மணிக்கும் நின்றுகொண்டிருந்தேன். துணி நகராமல் அடுக்கைப் பிடிப்பது என் வேலை. கண் ஒரு நொடி சொக்கியது. வலி முதலில் தெரியவில்லை. வெள்ளைத் துணி சிவப்பானதைத்தான் முதலில் பார்த்தேன். மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டு, "துணி போச்சுடா" என்று கத்தினார்.

பக்கத்தில் இருந்த தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கட்டுப்போட வந்தவர் என் ஊரைக் கேட்டார். பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். பஞ்சையும் மருந்தையும் மேஜைமேல் தள்ளிவைத்து, "நீயே தொடச்சிக்கோ, நான் சொல்றேன்" என்றார். விரல் நுனி போன கையை இன்னொரு கையால் நானே கழுவினேன். ஊசி போட்டபோது மட்டும் தொட்டார். அந்த இடத்தின் பெயரை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

காண்ட்ராக்டர் 500 ரூபாய் கொடுத்தார். "விரல் நுனிதான, எலும்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். அம்மாவிடம் கதவு இடுக்கில் நசுங்கிவிட்டது என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் வேலைக்கு அனுப்பமாட்டாள் என்கிற பயம். தங்கை சொன்னதும் அதே பயம்தானே?

ஏழு வருடம் கழித்து, சட்டம் படித்த ஒரு தோழரின் மேஜையில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைப் பார்த்தேன். அதன் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் இழந்தால் ஒரு தொழிலாளியின் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போகிறது என்று எண் போட்டு எழுதியிருக்கிறார்கள். கட்டைவிரல் 30 சதவீதம். முழு ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5 சதவீதம்.

அந்த வரியில் என் விரலைக் கண்டேன். என் வயதுக்கும் சம்பளத்துக்கும் தோழர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். அந்தப் பணத்தில் நான் அந்த வருடமே கல்லூரியில் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தச் சட்டப்படி விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். எனக்கு விஷயம் தெரிந்தபோது ஏழு ஆண்டு ஓடிவிட்டது.

ஏகலைவன் கதையை மேடைக்கு மேடை பேசுகிறோம். அவனுடைய கட்டைவிரலுக்கு இந்தப் பட்டியலில் 30 சதவீதம். அவனிடம் கேட்டு வாங்கினார்கள். நம்மிடம் கேட்பதுகூட இல்லை. நாமும் "கைதானே, ஆறிடும்" என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறோம். வலியை மறைப்பதை வீரம் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் லாபம் அடைகிறவர் யார் என்று யோசியுங்கள்.

தங்கையின் கதைக்கு வருகிறேன். அவளை அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சீழை எடுத்துக் கழுவிக் கட்டி, டெட்டனஸ் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். விரல் தப்பியது. ஆனால் தட்டச்சு பிப்ரவரித் தேர்வுக்குள் அது ஆறவில்லை. இடது ஆள்காட்டி விரல் இல்லாமல் ஆங்கில விசைப்பலகையில் எஃப், ஜி, ஆர், டி, வி, பி எதையும் முறைப்படி அடிக்க முடியாது. அடுத்த தேர்வு ஆகஸ்டில். ஒரு சின்ன வெட்டு, ஆறு மாதம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைக்கு அந்த ஆறு மாதத்தில் கல்யாணப் பேச்சே வந்துவிடும். வந்தது. அவள் அம்மாவோடு உட்கார்ந்து பேசித்தான் தள்ளிவைத்தோம்.

அந்த வாரமே எல்லோரையும் கூட்டி உட்கார்ந்தோம். கட்டரைப் பூட்டி வைக்கப்போவதில்லை என்று முதலில் சொன்னேன். எங்கள் வட்டத்தில் நர்சிங் படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் பாடம் எடுத்தாள். அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். துணி வெட்டுகிறவர்களுக்கு மட்டுமல்ல, பேனர் வெட்டுகிற, தட்டி கட்டுகிற, சமையல்கட்டில் நிற்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

வெட்டுப்பட்டால் முதலில் மோதிரம் இருந்தால் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. ஓடுகிற சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை காயத்துக்குள் அழுக்கைச் சேர்க்கும், டாக்டர் ஆழம் பார்ப்பதையும் மறைக்கும். விரலின் அடியில் நூலாலோ ரப்பர் பேண்டாலோ இறுக்கிக் கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று விரலே கெட்டுப்போகும்.

ரத்தம் நின்றதும் இரண்டு சோதனை. விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்டிப் பாருங்கள். முடியவில்லை என்றால் உள்ளே தசைநாண் அறுந்திருக்கலாம். நுனியின் இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம். இரண்டில் எது இருந்தாலும், காயம் வாய் பிளந்து நின்றாலும், அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், தையல் போடக்கூடிய மருத்துவமனைக்கு அன்றே, சீக்கிரமாகப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. நுனி துண்டாகிவிட்டால் அதைத் தூக்கி எறியாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் நேரடியாக ஐஸ்மேல் படக் கூடாது.

டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, காயமும் அழுக்கானது என்றால் ஊசி வேண்டும். சுத்தமான சின்னக் காயத்துக்குப் பத்து வருடம் கணக்கு. கடைசியாக எப்போது போட்டோம் என்பதே தெரியாது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

"காயத்துக்குக் காத்து படணும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஜார்ஜ் விண்டர் என்கிற ஆய்வாளர் 1962இல் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். மூடி ஈரப்பதமாக வைத்த காயம், காற்றில் காயவிட்ட காயத்தைவிட வேகமாகத் தோல் மூடியது. ஆகவே சின்னக் காயத்தைக் கழுவி, கொஞ்சம் வாசலின் தடவி, சுத்தமான கட்டுப் போட்டு, தினமும் மாற்றினால் போதும். சிவப்பு பரவுவது, விண்விண் என்று தெறிப்பது, சீழ், காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு இவற்றில் எது தெரிந்தாலும் ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய் உள்ள அம்மாக்கள் இவற்றுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். இன்னொன்றையும் அவள் சொன்னாள்: முழுதாக ஆறிய தழும்புகூடப் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும். என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. வெட்டுவதை நின்றுகொண்டு, நல்ல வெளிச்சத்தில் செய்கிறோம். ஸ்கேலின் நடுவில் விரல்களை விரித்து ஊன்றி, நுனி எதுவும் ஓரத்துக்கு வராமல் பார்த்துக்கொள்கிறோம். நீளமாக வெட்டும்போது பாதியில் கட்டரை நிறுத்தி, ஸ்கேல் பிடித்த கையை மேலே நகர்த்திவைத்துவிட்டுத் தொடர்கிறோம். இல்லாவிட்டால் தூரத்தில் அழுத்தம் குறைந்து ஸ்கேல் நழுவும். எப்போதும் நம் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் தள்ள வேண்டும். ஒரு வெட்டு முடிந்ததும், அடுத்த நொடியே வெட்டப்போவதாக இருந்தாலும், கட்டரின் மூடியைப் போட்டுவிட்டுத்தான் கீழே வைக்கிறோம். மழுங்கிய பிளேடுதான் ஆபத்து. வெட்டவில்லையே என்று கூடுதலாக அழுத்தும்போதுதான் அது வழுக்கும். வெட்டுத் தாங்கும் கையுறை இரண்டு ஜோடி வாங்கினோம். அது பீரோவுக்குள் போவதில்லை, கட்டரோடு சேர்த்தே ஆணியில் தொங்குகிறது. தூக்கம் வந்தால் வெட்டக் கூடாது. ஒன்பது மணிக்குமேல் யாரும் வெட்டுவதில்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு ஊர் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் பேரப் பிள்ளைகள் வாழும் ஊர். நைந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்த பெண்களின் ஊர். அவர்கள் ஓட்டுரிமை கேட்டபோது, ஆற்றைக் கடந்து நகரத்துக்குப் போகும் படகை 1962இல் நிறுத்தினார்கள். 2006இல்தான் மறுபடி விட்டார்கள். 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து பேசினார். மறு ஆண்டு அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் ஒரு பெரிய கம்பெனிக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுத்தபோது, மிஞ்சிய துண்டுகளைத் தங்கள் போர்வைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்த ஊர்ப் போர்வைகள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. கம்பெனியின் கழிவை எடுத்துத் தன் மானத்தைத் தைத்துக்கொண்டவர்கள் நாம் மட்டுமல்ல என்று சொல்லத்தான் இதை எங்கள் பெண்களுக்குப் படம் காட்டி விளக்கினேன். படம் முடிந்ததும் ஓர் அம்மா கேட்டார்: "அவங்களுக்கெல்லாம் கையி வெட்டுப்படாதுங்களா தம்பி?" படும். அருங்காட்சியகச் சுவரில் அது தெரியாது.

கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் பாபாசாகேப். தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை 1944இல் வந்தபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். அந்த வழியில் 1948இல் வந்ததுதான் ஈ.எஸ்.ஐ. சட்டம். அதில் வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். 2020இல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இந்தப் பழைய சட்டங்களைச் சேர்த்துவிட்டார்கள். பெயர் எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறாது. ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விபத்து நடந்தால் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். காயத்தைப் படம் எடுங்கள். மருத்துவச் சீட்டில் "வேலை இடத்தில்" என்று எழுத வையுங்கள். கதவு இடுக்கில் நசுங்கியது என்று என்னைப் போலச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, எங்கள் பெண்கள் தாங்களே சேர்த்துக்கொண்ட ஒரு விதி. மழுங்கிப்போன பிளேடை எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. "குப்பையில போட்டாப் போச்சு" என்றாள் ஒரு சின்னப் பெண். மூலையில் உட்கார்ந்திருந்த அவள் பெரியம்மா எழுந்தார். நகராட்சியில் துப்புரவு வேலை பார்ப்பவர். எதுவும் பேசாமல் இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். உடைந்த பாட்டில், சவர பிளேடு, ஊசி. எந்தெந்த வீட்டுக் குப்பை என்றுகூட அவருக்குத் தெரியாது.

இப்போது எங்கள் பள்ளியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் ஒரு கீறல் போட்டிருக்கிறோம். பிளேடு, உடைந்த ஊசி, குண்டூசி எல்லாம் அதற்குள். நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே "பிளேடு இருக்கு" என்று பெரிதாக எழுதி, குப்பையோடு கலக்காமல் கையில் கொடுப்போம். நம் விரல் தப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்தக் கத்தி அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதும் நம் கணக்குத்தான்.

தங்கை ஆகஸ்டில் தேர்வு எழுதினாள். தேறிவிட்டாள். அவளுடைய ஆள்காட்டி விரலில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. குளிர்காலத்தில் கொஞ்சம் வலிக்கிறதாம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இப்போது கட்டர் பிடிக்கச் சொல்லித் தருவது அவள்தான். முதலில் அந்தக் கோட்டைக் காட்டுகிறாள், பிறகு ஸ்கேலைக் கொடுக்கிறாள்.